யூதாஸ் இல்லாத பந்தி

சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒன்றுமே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க டெல்ஃபினாவின் கணவர் கிறிஸ்புலோவுக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதுவும் அவராகக் கண்டுபிடிக்கவில்லை. மிலானில் வீட்டு வேலை பார்க்கும் அவருடைய அக்கா ரெமெடியோஸ் போன் செய்து, "அடுத்த சனிக்கிழமை வரேன்டா. இனிமே திரும்பிப் போறதா இல்ல. வந்ததும் அப்பாவோட பலகைக்குக் கீழ உக்காந்து, புளி போட்ட மீன் சாறு ஒரு கிண்ணம் குடிக்கணும்" என்று சொன்ன பிறகுதான், கருவாட்டை மென்றுகொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பலகை எங்க?" என்றார்.

"எந்தப் பலகை?" என்றாள் டெல்ஃபினா. நேரத்தைக் கடத்துவதற்காகக் கேட்ட கேள்வி அது. அந்த வீட்டில் பலகை என்றால் ஒன்றுதான்.

மணிலாப் பக்கம் எந்த வீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரிலும் இரண்டு சமாச்சாரம் இருக்கும். ஒரு குழந்தையின் உயரத்துக்கு மரக்கரண்டியும் முள்கரண்டியும் ஒரு ஜோடி. இயேசு சீடர்களோடு உட்கார்ந்து உண்ட கடைசி இராப்போஜனம் ஒன்று. அவ்வளவு பெரிய கரண்டியால் யார் சாப்பிடுவது என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சாப்பிடும்போது பேசாதே என்றுதான் பதில் வந்திருக்கும்.

கிறிஸ்புலோ வீட்டு இராப்போஜனம் மரத்தில் செதுக்கியது. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். அதில் ஒரு ஆள் குறைவு. இயேசுவோடு சீடர்கள் பதினொரு பேர்தான் பந்தியில் இருந்தார்கள். வலது ஓரத்தில், ஒரு ஆள் இருந்த இடத்தில் மரம் சிராய்ச் சிராயாகப் பெயர்ந்து கிடந்தது. மாமனார் மக்காரியோ உயிரோடு இருந்தவரை, வீட்டுக்கு வரும் விருந்தாளி முதல் கவளத்தை வாயில் வைத்தவுடன் அதற்கான கதையைச் சொல்லிவிடுவார். அவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து, தெருவில் ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி இரண்டு ஓட்டினார்கள். கூட்டாளி ஒன்றை விற்றுக் காசை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அந்தப் புனித வெள்ளியன்று மக்காரியோ நாற்காலியில் ஏறி யூதாஸைப் பிடுங்கி எறிந்துவிட்டார். "எங்க வீட்டுல துரோகிக்குச் சோறு கிடையாது" என்று கதையை முடித்து, மீன் குழம்பை விருந்தாளி பக்கம் தள்ளுவார்.

டெல்ஃபினா கல்யாணமாகி வந்த அன்றைக்கும் சொன்னார். மாமியாருக்குப் பிடிக்காத கல்யாணம். பெண் வயிற்றில் மூன்று மாதத்தோடு வந்திருந்தாள். மேசையில் நாத்தனார் ரெமெடியோஸுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். துரோகிக்குச் சோறு கிடையாது என்று சொன்னபோது மாமனாரின் கண் நேராகத் தன் பக்கம் வந்து நின்றதை அவள் பார்த்தாள். அன்றிலிருந்து அந்தக் காலி இடம் தனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகும், ஒவ்வொரு வேளையும் அதன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அதனால்தான் மகள் கைலா, "சுவர் கொஞ்சம் மூச்சு விடட்டும்மா. இப்பல்லாம் வெள்ளைச் சுவர்தான் அழகு" என்று ஆரம்பித்தபோது, அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பழைய பேப்பர்காரர் டோமிங் தள்ளுவண்டியோடு தெருவில் வந்தார். பாட்டில்கள், செய்தித்தாள்கள், கரண்டி ஜோடி, இராப்போஜனம் எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது பெசோவுக்குப் போயிற்று. வண்டி தெருமுனை திரும்பியபோது டெல்ஃபினாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

அந்தக் காசில் அன்றைக்குப் பொரித்த கோழி வாங்கினாள். கிறிஸ்புலோ இரண்டு துண்டு சாப்பிட்டார். இதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை அவள் மறக்கவில்லை.

இப்போது அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. வீடு ரெமெடியோஸ் பேரில் இருந்தது. கூரையிலிருந்து கழிவறைக் குழாய்வரை மிலான் காசு. முன்பு பின்கட்டு அறையில் நெஸ்டர் என்று கிறிஸ்புலோவின் சித்தப்பா மகன் ஒருவர் இருந்தார். மாமியாருடைய தையல் மெஷினை ரெமெடியோஸைக் கேட்காமல் விற்றார். விஷயம் மிலானுக்குப் போயிற்று. அங்கிருந்து ஒரே ஒரு போன் வந்தது. மறுநாள் காலை நெஸ்டர் டிரங்குப் பெட்டியோடு ஜீப்னியில் ஏறினார். போனில் நாத்தனார் குரலைக்கூட உயர்த்தவில்லை என்று அவரே சொன்னார். டெல்ஃபினாவுக்கு வயது ஐம்பத்துமூன்று. டிரங்குப் பெட்டியோடு ஏறி எங்கே போவது என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு ஊர் பேரும் வரவில்லை.

"பாலிஷ் போடக் குடுத்திருக்கோம்னு சொல்லிடலாம்" என்றார் கிறிஸ்புலோ.

"எவ்வளவு நாள் பாலிஷ் போடுவாங்க?"

"நல்ல பாலிஷ்னா நாளாகும்" என்று சொல்லிவிட்டு அவர் கருவாட்டுக்குத் திரும்பினார்.

டோமிங்கைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. தெருவோரம் வண்டிக்கு அடியில் படுத்துக் குட்டித்தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அதுவா? கூபாவ் கடைத்தெருவுல குடுத்துட்டேன்க்கா. முன்னாடி செருப்புக் கடையா இருந்துதே அந்தச் சந்து, அங்க. பழைய சாமானையெல்லாம் இப்ப எடைக்கு வாங்கறதில்ல. விண்டேஜ்னு வாங்கறான்."

"விண்டேஜ்னா?"

"குப்பைதான்க்கா. ஆனா ஏசி ரூம்ல வெச்சிருப்பான்."

அவர் சொன்னது சரியாக இருந்தது. கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுழற்றும் டெலிபோன்கள், சிப்பி ஓட்டு விளக்குகள், ரசம் போன கண்ணாடிகள், காலி பிஸ்கட் டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் கழுத்தில் நூல் கட்டி விலை தொங்கவிட்டிருந்தார்கள். ஓரம் பெயர்ந்த எனாமல் குவளை ஒன்றைப் புரட்டி விலையைப் பார்த்த டெல்ஃபினா, அதே குவளையில்தான் தினம் குளிக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டாள். இந்தக் கணக்கில் பார்த்தால் அவள் வீட்டுக் குளியலறையிலும் சமையலறையிலும் கிடப்பதை வைத்து ஒரு சின்ன காரே வாங்கலாம்.

அவள் கண்ணெதிரிலேயே அவளுடைய கரண்டி ஜோடி கல்லாவுக்குப் போயிற்று. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வாங்கியது. முள்கரண்டியின் ஒரு முள்ளில் கைலா சின்ன வயதில் கடித்த பல் தடம் இருந்தது. அந்தப் பெண் அதைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு பழசு பாரேன்" என்று கணவனிடம் சொன்னாள்.

"டைனிங் டேபிளுக்கு மேலதானே மாட்டப் போறீங்க?" என்று டெல்ஃபினாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்க ஃபிளாட்ல டைனிங் டேபிள் கிடையாது ஆன்ட்டி. டிவிக்கு மேல."

டெல்ஃபினா தலையாட்டினாள். கரண்டி போனால் போகட்டும். எல்லா வீட்டுக் கரண்டியும் ஒரே மாதிரிதான், சந்தையில் வேறு கிடைக்கும். பலகைதான் வேறு கிடைக்காது.

பலகை கடைக் கோடியில் தனி மேடையில், தனி விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. வீட்டில் இருந்தவரை அதற்கு ட்யூப்லைட்தான். கடைக்காரன் லியாண்ட்ரோ வந்து பக்கத்தில் நின்றான். நாற்பது வயதிருக்கும், தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தான்.

"நல்ல ரசனை மேடம் உங்களுக்கு. நெக்ரோஸ் தீவுல ஒரு கரும்புப் பண்ணை பங்களாவுல இருந்தது. நூறு வருஷம் இருக்கும். அந்தக் குடும்பத்துல கடைசி வாரிசு ஒரு அம்மா. கண்ணீரோடதான் குடுத்தாங்க."

பாகியோவுக்குச் சுற்றுலா போன மக்காரியோ, திரும்பும் வழியில் பஸ் நிலையத்தில் பேரம் பேசி வாங்கிய பலகை அது. கூட ஒரு பாட்டில் ஸ்ட்ராபெரி ஜாம் இலவசமாகக் கேட்டு வாங்கினார். கடைசி வாரிசான அந்த அம்மா அதைக் கொடுத்துவிட்டுக் கோழி தின்றாள். இதையெல்லாம் சொல்ல முடியாத இடத்தில் டெல்ஃபினா நின்றுகொண்டிருந்தாள். முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு, ஆட்கள் சரியாக இருக்கிறார்களா என்று பார்த்தாள். சரியாக இருந்தார்கள். அதுதான் தப்பு. வலது ஓரத்தில் புதுசாக ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"இவரு யாரு?"

"யூதாஸ், மேடம். வந்தப்ப அவர் இல்ல. ஆள் கொறஞ்ச பந்திய எப்படி விக்கறது? எங்க ஆசாரி செதுக்கி ஒட்டினாரு. ஒட்டினதே தெரியாது பாருங்க."

தெரிந்தது. மற்றவர்கள் எல்லாம் ஐம்பது வருஷம் மீன் பொரித்த புகையில் கறுத்திருந்தார்கள். இவன் மட்டும் காப்பி நிறத்தில் பளபளவென்று, நன்றாகச் சாப்பிட்ட முகத்தோடு, கையில் பணப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தான். பேங்கில் கடன் இல்லை என்று சொல்கிற மானேஜர் அப்படித்தான் சிரிப்பார்.

"இவர எடுத்துட்டுக் குடுப்பீங்களா?"

லியாண்ட்ரோவிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். "எடுத்தா டேமேஜ் பீஸ் ஆயிடுமே மேடம்."

"டேமேஜ்னா விலை கொறையுமா?"

"விலை கொறையாது. எடுக்கற கூலி கூடும்."

விலை பதினெட்டாயிரம் பெசோ. டெல்ஃபினா விலைச் சீட்டையும் பார்த்தாள், இயேசுவையும் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் விரித்து, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பது போல உட்கார்ந்திருந்தார்.

அவளிடம் இருந்தது துணி துவைக்கும் மெஷின் வாங்கத் தெருப் பெண்களோடு கட்டிய சீட்டுப் பணம். அந்த மாதம்தான் அவள் முறை வந்திருந்தது. அதை மொத்தமாகக் கொடுத்தாலும் பதினெட்டு வராது. இரண்டு நாள் யோசித்து, வியாழக்கிழமை காலை கடை ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து உள்ளே நுழைந்தாள்.

லியாண்ட்ரோ கொண்டை போடுவதற்குள் வந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. முதல் போணி. கூபாவில் ஏசி போட்டு எந்தப் பெயரில் கடை நடத்தினாலும், முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும் என்பது எல்லாக் கடைக்காரனுக்கும் தெரியும். அது டெல்ஃபினாவுக்கும் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

"ஒம்பதாயிரம். யூதாஸ எடுத்துட்டு" என்றாள்.

"ஐயோ மேடம், அது கடை வாடகைக்கே காணாது. ஒரு பிஸ்கட் டப்பா எடுத்துக்கிட்டு முதல் போணி பண்ணுங்களேன். விலை கொறச்சுத் தரேன்."

"டப்பா வீட்டுல இருக்கு. பலகைதான் வேணும்."

"அப்ப நீங்க கொஞ்சம் யோசிச்சு சாயங்காலமா வாங்களேன்."

"யோசிச்சிட்டுதான் வந்திருக்கேன் தம்பி. நீ வேணாம்னு சொல்லு, நான் போயிடறேன்."

அவன் சொல்லவில்லை. வாசலில் வெள்ளைக்காரர்கள் நாலு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் கண் டெலிபோன் மேல் இருந்தது. டெல்ஃபினா கொஞ்சம் அகலமான பெண்மணி. ஷட்டர் பாதியில் நின்ற அந்த வாசலில் அவள் நின்றால் வேறு யாரும் நுழைய வழியில்லை. நகரவும் இல்லை. லியாண்ட்ரோ வெள்ளைக்காரர்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கொண்டையைப் போட்டான், அவிழ்த்து மறுபடி போட்டான்.

"பதினாலு."

"பத்து."

"ஆன்ட்டி, நான் பிள்ளகுட்டிக்காரன்."

"நானும்தான். பதினொண்ணு. அதுக்கு மேல என்கிட்ட வீட்டுக்குப் போற ஜீப்னி காசுதான் இருக்கு."

பதினொன்றுக்கு முடிந்தது. லியாண்ட்ரோ நோட்டுக்கட்டை வாங்கி, மற்றதும் விற்க வேண்டும் என்று வழக்கப்படி அந்த நோட்டாலேயே கடையில் இருந்த டெலிபோன், விளக்கு, கண்ணாடி எல்லாவற்றின் தலையிலும் ஒரு தட்டுத் தட்டினான். பின்னாலிருந்து ஆசாரி வந்தார். தான் செய்த யூதாஸைத் தானே அறுப்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. ரம்பத்தால் நேராக இழுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆக்கிவிட்டார்.

"முன்னாடி சிராய்ச் சிராயா இருந்துது. கையில குத்தும். இப்ப பாருங்க, எவ்வளவு சுத்தம்" என்றார்.

டெல்ஃபினாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆள் இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதானே. யூதாஸைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அவனுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருந்ததால் அவள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஜீப்னியில் பலகை ஐந்து பேர் மடியில் நீளமாகக் கிடந்தது. ஆட்கள் அதன் மேலேயே சில்லறையைக் கைமாற்றி முன்னால் அனுப்பினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "பின்னாடி பன்னெண்டு பேர் புதுசா ஏறியிருக்காங்க. ஒரு ஆள் காசுதான் வந்திருக்கு" என்றான்.

"நடுவுல இருக்கறவர்கிட்ட கேளு" என்றாள் டெல்ஃபினா. பதினோராயிரம் போன வயிற்றெரிச்சலில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீப்னியே சிரித்தது.

சனிக்கிழமை மதியம் ரெமெடியோஸ் வந்து இறங்கினார். சோப்பும் சாக்லெட்டும் டின் மாட்டிறைச்சியும் அடைத்த ஆள் உயர அட்டைப்பெட்டி ஒன்றும் வந்தது. கைலா ஆசி வாங்க அத்தையின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். வருஷக்கணக்கில் போன் திரையில் மூக்கும் நெற்றியுமாக மட்டும் பார்த்த நாத்தனார், நேரில் இவ்வளவு குள்ளமாக இருந்தது டெல்ஃபினாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தக் குள்ளமான அம்மாளா நெஸ்டரை ஏற்றி அனுப்பியது என்று நினைத்துக்கொண்டாள். பயம் குறையவில்லை.

ரெமெடியோஸ் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் குடிக்கத் தம்ளர் எங்கே என்று கேட்டார். குளியலறை விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று கேட்டார். மேசைக்கு வந்தபோது, விருந்தாளிகளுக்குப் போடும் ஓரத்து நாற்காலியில் தானாகவே போய் உட்கார்ந்தார். நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். டெல்ஃபினா மீன் சாற்றை ஊற்றும் சாக்கில் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பளபளன்னு இருக்கே" என்றார் ரெமெடியோஸ்.

"பாலிஷ் போட்டோம்" என்றார் கிறிஸ்புலோ. சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில் அவருக்குத் திருப்தி.

"நெசமான இராப்போஜனப் படம் மிலான்லதானே சுவத்துல இருக்கு, பாத்தீங்களா அத்த?" என்று கைலா பேச்சை மாற்றினாள்.

"முன்னாடியே டிக்கெட் எடுக்கணும்மா. எனக்கு லீவு ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமைன்னா டிக்கெட் கெடைக்காது." அவர் சாற்றை ஒரு வாய் குடித்தார். புளிப்பு சரியாக இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடினார். "எனக்கு எதுக்கு அது? என்னோடது இங்க இருக்கு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். அதிலிருந்து ஒரு கம்பளிக் காலுறை. காலுறைக்குள்ளிருந்து, விரல் நீளத்தில், கறுத்த ஒரு மர ஆள். பையை மேசைமேல் வைத்து, ஆளைச் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இதான் யூதாஸா?" என்றார் கிறிஸ்புலோ.

"யூதாஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. கையில பையா வெச்சிருக்கான்? ரொட்டி வெச்சிருக்கான் பாரு. தோமாவோ பிலிப்போ, யாருக்குத் தெரியும்." ரெமெடியோஸ் அதன் தலையைக் கட்டைவிரலால் தடவினார். "எனக்கு ஒம்பது வயசு. பெரிய வெள்ளிக்கிழமைன்னு அம்மா பட்டினி போட்டுட்டாங்க. எனக்குப் பசி. இவங்களும் வருஷம் பூரா சாப்பாட்டு முன்னாடி உக்காந்துட்டு ஒருவாய் சாப்பிடறதில்லையேன்னு, சோத்த எடுத்துட்டு நாற்காலில ஏறி ஒவ்வொருத்தருக்கா ஊட்டினேன். ஓரத்துல இருந்தவன் கையோட வந்துட்டான். அம்மா செருப்ப எடுத்துட்டு ஓடி வராங்க. அதுக்குள்ள அப்பா வந்து, யூதாஸ நான்தான் பிடுங்கினேன்னு சொல்லிட்டாரு. இவன எங்கிட்ட குடுத்து ஒளிச்சு வெக்கச் சொன்னாரு."

"அப்ப கூட்டாளி ஏமாத்தினது?" என்றாள் டெல்ஃபினா. அவள் குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது.

"ஏமாத்தினது நெசம். அது அதுக்கு நாலு வருஷம் முன்னாடி. அம்மா நம்பணுமேன்னு சேத்துக்கிட்டாரு. அப்புறம் கதை அவருக்கே பிடிச்சுப் போச்சு. துரோகிக்குச் சோறு கிடையாதுன்னு சொல்லும்போதெல்லாம் என்னப் பாத்துக் கண்ணடிப்பாரு. உன் கல்யாணத்தன்னிக்குக் கூடக் கண்ணடிச்சாரே, நான் உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

டெல்ஃபினா கல்யாணத்தன்றைய மேசையை மனதில் போட்டுப் பார்த்தாள். மாமனாரின் கண் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. அந்த ஒரு முழத்துக்காக அவள் இத்தனை வருஷம் தலையைக் குனிந்து சோறு தின்றிருக்கிறாள். அந்தக் கிழவர் மேல் கோபமாக வந்தது. கோபப்பட ஆள் இல்லை.

அதற்குள் ரெமெடியோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டார். "பெட்டியில எல்லாத்தையும் போட்டு அனுப்பினேன், இவன மட்டும் கையிலயே கொண்டு வந்தேன். சிராய்க்குச் சிராய் அப்படியே போய் உக்காந்துக்குவான்" என்று சொல்லிக்கொண்டே ஆளைக் காலி இடத்தில் வைத்தார்.

உட்காரவில்லை. அவன் அடியில் சிராய்ச் சிராயாக இருந்தது. பலகை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. அவர் திருப்பி வைத்தார், சாய்த்து வைத்தார், விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஆளைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நின்றபடியே கேட்டார்.

"யாரு அறுத்தது?"

நெஸ்டர் சொன்ன அதே குரல். உயரவே இல்லை. பாலிஷ் போடும்போது என்று கிறிஸ்புலோ வாயைத் திறந்தார். டெல்ஃபினா அவர் காலை மிதித்தாள்.

"நான்தான்க்கா. வித்துட்டேன். பாட்டில், பேப்பரோட சேத்து டோமிங்குக்குப் போட்டுட்டேன். இருநூத்தம்பது பெசோ. அப்புறம் நீங்க வரேன்னதும் பயந்துபோய் கூபாவ்ல போயி பதினோராயிரத்துக்குத் திருப்பி வாங்கினேன். அங்க ஒரு யூதாஸ ஒட்டியிருந்தாங்க. அவன அறுக்கச் சொன்னதும் நான்தான். கைலாவக் குத்தம் சொல்லாதீங்க. எனக்கே அது கண் முன்னால இருக்க வேணாம்னு இருந்துது."

ரெமெடியோஸ் நாற்காலியிலிருந்து இறங்கினார்.

"இருநூத்தம்பதுல என்ன பண்ணே?"

"கோழி வாங்கினேன்."

"எப்படி இருந்துது?"

டெல்ஃபினா யோசித்தாள். "கொஞ்சம் உப்பு கூட."

"அந்த யூதாஸ் எங்க?"

சமையலறையில் மீன் சாஸ் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தவனை எடுத்து வந்து கொடுத்தாள். ரெமெடியோஸ் மறுபடி ஏறி அவனை அந்த இடத்தில் வைத்தார். இம்மி பிசகாமல் பொருந்தினான். பணப்பையோடு சிரித்தான். ரெமெடியோஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவனை எடுத்து மேசையில் படுக்க வைத்தார். இறங்கி, விருந்தாளி நாற்காலியில், தன் ஆளைக் காலுறையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இடம் அவனுக்குச் சரியா இருக்கு" என்றார். "நான் எத்தன வீடு மாறியிருக்கேன் அங்க. எல்லா வீட்டுலயும் அடுத்தவங்க சாமானத்தான் துடைச்சேன். இவன மட்டும் பெட்டியில வெச்சிருந்தேன். இங்க இவனுக்குன்னு ஒரு இடம் இருக்குன்னு நெனச்சுக்குவேன். வேற ஒண்ணும் இல்ல."

அவர் திட்டியிருந்தால் டெல்ஃபினா தாங்கியிருப்பாள். அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். தம்ளர் எங்கே, சுவிட்ச் எது என்று கேட்டுக்கொண்டு தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நடந்த இந்த அம்மாளைப் பார்த்தபோது, இத்தனை நாள் பயந்தது யாரைப் பார்த்து என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட இரக்கம் அதிகமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே மேசையில் ஓர் இடத்துக்காகத்தான் பயந்திருக்கிறார்கள்.

"குடுங்க அவன" என்றாள்.

தன் தட்டிலிருந்து சூடு ஆறாத சோற்றை ஒரு சிட்டிகை எடுத்தாள். பட்டம் ஒட்டப் பிள்ளைகள் பிசைவது போல உள்ளங்கையில் வைத்துப் பசையாகப் பிசைந்தாள். ஆளின் அடியில் சிராய்களுக்கிடையே அப்பினாள். நாற்காலியில் ஏறினாள். அது முனகியது. வழவழப்பான இடத்தில் ஆளை அழுத்திப் பிடித்தாள். நேராக நிற்க மாட்டேன் என்றான். பக்கத்துச் சீடரின் தோளில் சாய்த்துவிட்டாள். அந்த மட்டும் நின்றான்.

"சாஞ்சிருக்கே" என்றார் கிறிஸ்புலோ.

"ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கான். களைப்பா இருக்கும்" என்றாள் டெல்ஃபினா, விரலை எடுக்காமல். "அக்கா, நீங்க உக்காந்திருக்கறது விருந்தாளிங்க நாற்காலி. இங்க என் நாற்காலில வந்து உக்காருங்க. மீன் தலை இந்தப் பக்கம்தான் இருக்கு."

"அப்ப நீ எங்க உக்காருவ?"

"பசை காயற வரைக்கும் நான் நிக்கத்தானே போறேன்."

"நீதான் என் நாற்காலி மேல நிக்கறியே டெல்ஃபி" என்றார் கிறிஸ்புலோ. அது உண்மைதான். அவசரத்தில் அவருடையதில் ஏறியிருந்தாள். அவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

ரெமெடியோஸ் எழுந்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி வந்து டெல்ஃபினாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். மீன் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "விட்டுடாத" என்றார்.

"விடலக்கா."

கிறிஸ்புலோ பின்கட்டுக்குப் போனார். நெஸ்டர் விட்டுப்போன பழைய நாற்காலி ஒன்றைத் தூசி தட்டித் தூக்கி வந்து, மேசையில் தன் இடத்துக்கும் அக்கா இடத்துக்கும் நடுவில் போட்டார். அவர் உட்காரத்தான் போட்டார் என்று டெல்ஃபினா நினைத்தாள். அவர் அதில் உட்காராமல், அவள் இறங்கி அதில் உட்காரட்டும் என்று கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.